மௌன சவாரி

அத்தான் தன் சைக்கிள் கடையிலிருந்து என்னை அனுப்பியதற்குச் சொன்ன காரணம், நான் வாடிக்கையாளர்களைப் பயமுறுத்துகிறேன் என்பது. நான் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் பயமுறுத்தியது என்றார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காத. ஒருத்தன் பஞ்சர்னு வந்து நிக்கிறான். நீ அவனப் பாக்குற, டயரப் பாக்குற, திரும்ப அவனப் பாக்குற. டாக்டரு ரிப்போர்ட்டக் கையில வச்சிக்கிட்டு, வீட்டுல பெரியவங்க யாராவது வந்திருக்காங்களான்னு கேக்குற மாதிரியே இருக்கு. அவன் மிரண்டு போயி அடுத்த தெருவுல ஒட்டிக்கிறான்."

அத்தான் என் அக்காவின் கணவர். அவர் கடையில் ரிப்பேர் என்பது பேச்சுக்கு நடுவே நடந்தால் நடக்கும் காரியம். காற்றடிக்க வருகிறவரிடம் முதலில் முழங்கால்வலி எப்படி இருக்கிறது என்பார். முழங்கால் வலி இல்லாதவர் என்றால் அதற்கு என்ன செய்கிறார் என்று விசாரிப்பார். ஒருநாள் தபால்காரர் பின்சக்கரத்துக்குக் காற்றடிக்க வந்தார். முக்கால் மணி நேரத்தில் முதுகுக்கு ஒரு தைலமும், ஒழுகும் குழாய்க்கு ஓர் ஆளும், மைத்துனருக்கு ஒரு வேலையும் கிடைத்து மனம் நிறைந்து கிளம்பினார். தெருமுனை வரைக்கும் போன பிறகுதான் காற்று அடிக்கவே இல்லை என்பது தெரிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். இருவருக்கும் அதில் வருத்தமே இல்லை. விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் நான் பதினோரு நாள் இருந்தேன். அதற்கு முன்பு மூன்று இடங்களில் வேலை போயிருந்தது. எங்கும் நான் தவறு செய்யவில்லை. ஓர் இடத்தில் மேலாளர், "நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரியல" என்றார். நானும் அதைப் பல நாள் யோசித்திருந்ததால் மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

நானும் மனைவியும் அப்போது அக்கா வீட்டின் பின்னறையில் இருந்தோம். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடியற்காலை போய்ப் பிற்பகல் வந்து படுப்பாள். பின்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தான், "தூங்கிட்டியாம்மா? தூங்கு, தூங்கு, நான் தொந்தரவு பண்ணல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்பார். அவர் நல்லவர். ஒரு நாளும் வாடகை என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. நல்லவர்களிடமிருந்து தப்பிப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பதினோராம் நாள் கடைசி வேலையாக அத்தான் என்னிடம் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். எதிர்க்கடைக்கு வந்த பார்சல் விலாசம் மாறி எங்களிடம் வந்துவிட்டது. "குடுத்துட்டு வந்துடு. அவங்க ஒண்ணும் பேச மாட்டாங்க. உனக்குச் சரியா இருக்கும்" என்றார்.

எதிர்க்கடையும் சைக்கிள் கடைதான் என்று சொன்னால்தான் தெரியும். பலகையில் எழுத்து இல்லை. ஒரு வெள்ளி வட்டம் மட்டும். அறுபது சைக்கிள் நிறுத்தக்கூடிய கூடத்தில் ஆறு சைக்கிள்கள் சுவரில் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து வெளிச்சம். அங்கே யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. உள்ளே வருகிறவர் தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்கும் வரை நிற்க வேண்டும். பிறகுதான் ஒருவர் தலையை நிமிர்த்துவார். சைக்கிள் என்ற சொல்லே கிடையாது, 'படைப்பு' என்பார்கள். விலை கேட்டால், வீட்டில் நடந்த சாவைப் பற்றி விசாரித்ததுபோல மென்மையாகச் சிரிப்பார்கள். காற்றடிக்கப் புதன், வெள்ளி மட்டும். அதுவும் முன்பதிவு செய்தால்.

நான் பெட்டியுடன் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. நானாகப் பேச்சைத் தொடங்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம் ஆயிற்று. உண்மையைச் சொன்னால், பல மாதங்களில் நான் இவ்வளவு நிம்மதியாக எங்கும் நின்றதில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த ஒரு சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை கம்பிகள் என்று எண்ணி, மறந்து, மறுபடியும் எண்ணினேன்.

அப்போது ஒருவர் அருகில் வந்தார். பல் டாக்டர் என்று பின்னால் தெரிந்தது. என்னைக் கடைக்காரர் என்று நினைத்துக்கொண்டு, "இந்தக் கறுப்பா, அந்தச் சாம்பலா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

எனக்கு இரண்டுமே ஒன்றுபோலத்தான் இருந்தன. கறுப்பைப் பார்த்தேன். சாம்பலைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு பெருமூச்சு விட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"புரியுது" என்றார் பல் டாக்டர். அவர் முகம் சிவந்திருந்தது. "நான் இன்னும் அதுக்குத் தகுதியாகல. சாம்பலே குடுத்துடுங்க."

சாம்பல்தான் விலை கூடியது. உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் போனதும் எழுந்து வந்து என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். எதில் என்று அவர் சொல்லவில்லை.

"சொல்ல வேண்டாம்" என்றார் அவர். "இப்படிக் கேட்டதே தப்பு. மூணு மாசம் தற்காலிகமா இருங்க. அப்புறம் நிரந்தரம்."

பெட்டியைக் கொடுக்கப் போனவன் வேலையோடு திரும்பினேன். அத்தானுக்குக் கோபமோ பொறாமையோ வரவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "நம்ம மாப்ள எதுத்தாப்புல பெரிய ஆளு" என்று சொன்னார்.

அந்த மூன்று மாதங்களில், வாழ்க்கையில் முதல் முறையாக, என்னிடம் இருந்த ஒரே குணத்துக்கு ஒரு வேலை இருந்தது. நான் ஜன்னலருகே நிற்பேன். வருகிறவர்கள் என்னிடம் தங்கள் பழைய சைக்கிள்களைப் பற்றிப் பாவமன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் மேலும் விலை கூடியதாக ஒன்றைக் கைகாட்டுவார்கள். ஒரு வக்கீல், நான் அவர் செருப்பைப் பார்த்தேன் என்பதற்காக வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்து வாங்கினார். நான் பார்த்தது செருப்பை அல்ல. அதற்குப் பக்கத்தில் போன எறும்பை. 'அவர் பார்வை' என்று ஒரு பேச்சு ஊரில் பரவியது. வரவேற்பில் இருந்த பெண், "சார் இன்னிக்குப் பாக்குறாரா?" என்று போனில் கேட்பவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தாள்.

ஒரே ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சிறுவயதில் நாங்கள் மூன்றாவது மாடியில் இருந்தோம், சைக்கிள் இல்லை. பிறகு கற்றுக்கொள்ளும் வயது கடந்துவிட்டது. வளர்ந்த ஆளைப் பார்த்து உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று உலகத்தில் யாரும் கேட்பதில்லை. அத்தான்கூடக் கேட்கவில்லை, எல்லாவற்றையும் கேட்கிறவர் அதை மட்டும் விட்டுவிட்டார். சைக்கிள் கடையில் இருப்பவனுக்கு ஓட்டத் தெரியாமல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்தச் சமயத்தில்தான் மனைவி ஒரு வீடு பார்த்தாள். மாடியில் இரண்டு அறைகள். சுவர்கள் செங்கல்லால் ஆனவை. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் போய்ப் பார்த்தபோது மனைவி பேசினாள். நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. அந்தச் சுவரை விட்டு வர எனக்கு மனமே இல்லை.

டைப்பிஸ்ட் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேலை நிரந்தரம்னு கம்பெனி லெட்டர் ஒண்ணு வேணும்மா. அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் வீட்ட வச்சிருக்கேன். அதுக்கு மேல வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார்.

மறுநாளே முதலாளியிடம் போய் நின்றேன். அவராகவே புரிந்துகொண்டார். நிற்கிறவனைப் புரிந்துகொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

"லெட்டர் தயாரா இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன நிகழ்ச்சி" என்றார். மேசையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். 'மௌன சவாரி' என்று அச்சிட்டிருந்தது. ஞாயிறு காலை ஆறரை மணி. தேர்ந்தெடுத்த பதினான்கு வாடிக்கையாளர்கள். பேச்சு கிடையாது. மணி அடிப்பதில்லை. முன்னால் செல்பவர் என்று என்னைப் போட்டிருந்தது.

நான் அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதே பார்வையோட முன்னாடி போங்க. அது போதும்" என்றார் முதலாளி.

அன்று செவ்வாய்க்கிழமை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"ஓட்டத் தெரியாதா? அப்ப மூணு மாசமா அங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

"பாத்துட்டிருந்தேன்."

"எத?"

நான் மடித்து வைத்த துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"கல்யாணமாகி ஆறு வருஷம். இத எங்கிட்டகூடச் சொல்லல."

"நீ கேக்கல."

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா, மரம் ஏறத் தெரியுமான்னுகூடத்தான் கேக்கல. இன்னும் என்னென்ன தெரியாதுன்னு இப்பவே ஒரு லிஸ்ட் குடுத்துடுங்க." சிரித்தாளா என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு பலகைத் தடுப்பைப் பார்த்தாள். "அந்த வீடு எனக்கு வேணும். தூக்கம் வேணும். அத்தான்கிட்டப் போய்க் கேளுங்க. அஞ்சு நாள் இருக்கு."

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எங்கிட்ட என்ன கேக்கணும்?" என்றது அத்தானின் குரல்.

நான் அவரைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய்க் காதோடு சொன்னேன். யாருக்கும் தெரியக்கூடாது என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நீ வாயத் தொறந்து எங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்க. உசுரக் குடுத்தாவது ஓட்ட வச்சிடறேன். யாருக்குத் தெரியப் போகுது? நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு, கிடங்குக்குப் பின்னால மைதானம். நீயும் நானும் மட்டும்."

மறுநாள் காலை மைதானத்தில் எங்களைத் தவிர ஒன்பது பேர் இருந்தார்கள். சலவைக்காரர், தபால்காரர், பள்ளி வேன் ஓட்டுநர், காய்கறிக்காரம்மா, என் அக்கா, எனக்குத் தெரியாத நான்கு பேர்.

"நானா யாருகிட்டயும் சொல்லல மாப்ள. 'காலையில எங்க போறே'ன்னு கேட்டாங்க. கேக்கறவங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது?" என்றார் அத்தான்.

அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன். நடந்தது அதைவிட மோசம், எல்லோரும் உதவினார்கள். அத்தான் கடையின் பழைய சைக்கிள், அகலமான சீட்டு, பின்னால் கேரியர். கேரியரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"தூரமாப் பாருங்க" என்றார் தபால்காரர்.

"தூரமாப் பாத்தா கல்லுல ஏத்திருவாரு. கிட்டப் பாருங்க" என்றார் வேன் ஓட்டுநர்.

"எங்கயும் பாக்காதீங்க தம்பி. பாத்துப் பாத்துத்தானே இந்த நெலமைக்கு வந்தீங்க. மிதிங்க" என்றார் காய்கறிக்காரம்மா.

விழுந்தேன். ஒருவர் தூக்கினார், ஒருவர் மண்ணைத் தட்டினார், ஒருவர் தன் தம்பி இப்படி விழுந்து எலும்பு முறிந்த கதையைச் சொன்னார். அக்கா, "சின்ன வயசுல படியிலகூட ஒழுங்கா ஏற மாட்டான்" என்று எல்லோருக்கும் விளக்கினாள். புதன், வியாழன், வெள்ளி இப்படியே போயிற்று. தினமும் இரண்டு பேர் கூடுதலாக வந்தார்கள். வெள்ளிக்கிழமை தேநீர் விற்கிறவர் வண்டியையே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சனிக்கிழமை ஒன்று நடந்தது. யாரோ பின்னால் பிடித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் மிதித்துக்கொண்டிருந்தேன். பேச்சுச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. முகத்தில் காற்று பட்டது. எனக்குக் கீழே தரை நழுவிப் போனது; அது நழுவுவதில் எனக்கு ஒரு பங்கும் இருந்தது. அப்படியொரு அமைதியை எந்தச் சுவருக்குள்ளும் நான் கண்டதில்லை. சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஐம்பது அடிக்கு அப்பால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். உடனே விழுந்தேன்.

ஐம்பது அடி. மௌன சவாரி நான்கு கிலோமீட்டர்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பதினான்கு பேரும் கடை வாசலில் இருந்தார்கள். உடலோடு ஒட்டிய உடை, தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி. பல் டாக்டர் இருந்தார், வக்கீல் இருந்தார். எல்லோரும் காரின் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதலாளி சுவரிலிருந்து ஒரு வெள்ளைச் சைக்கிளைத் தன் கையால் இறக்கி என்னிடம் கொடுத்தார். அதன் சீட்டு கரண்டிக் காம்பின் அகலம்தான் இருந்தது. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்புபோலக் கீழே வளைந்திருந்தது. ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, பிடித்துக்கொள்ளப் பின்னால் யாரும் இல்லை.

பதினான்கு பேரும் நான் ஏறக் காத்திருந்தார்கள்.

ஏறினால் இரண்டாவது கடையின் வாசலில் விழுவேன் என்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. மனைவி பலகைத் தடுப்பைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. யோசிக்க நேரம் வேண்டும்போல இருந்தது. நேரம் வேண்டியபோதெல்லாம் நான் செய்வது நடப்பதுதான். சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

பின்னால் ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சக்கரங்களின் மெல்லிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பதினான்கு பேரும் தங்கள் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தார்கள். முகங்களில் பக்தி இருந்தது. கடைசியில் முதலாளி, அவரும் தள்ளிக்கொண்டுதான்.

இப்படி ஒரு கிலோமீட்டர் போனோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு நாய் கொஞ்ச தூரம் எங்களோடு வந்துவிட்டு, விஷயம் பிடிபடாமல் திரும்பிப் போனது. பரவாயில்லை, இன்னும் மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டால் மாலையில் லெட்டர், நாளை வீடு என்று கணக்குப் போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. கேட்காதவர்களாகப் பார்த்துத்தானே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

மைதானத்துத் திருப்பத்தில் அவர்கள் நின்றிருந்தார்கள். அத்தான், அக்கா, தபால்காரர், காய்கறிக்காரம்மா, சலவைக்காரர், இன்னும் இருபது பேர். என்னை உற்சாகப்படுத்த வந்திருந்தார்கள். அத்தான் கையில் காற்றுப் பம்பு இருந்தது.

"மாப்ள, ஏன் எறங்கிட்ட? பஞ்சரா?" என்று தூரத்திலிருந்தே கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். "காத்து கல்லு மாதிரி இருக்கே. பயமா? அட, பயப்படாத. நேத்து ஐம்பது அடி தனியாப் போனல்ல. ஏறு, நான் பின்னால பிடிச்சிக்கிறேன். இதுல கேரியர் இல்லியே. இதென்ன சைக்கிளு, பிடிக்க ஒரு எடம் வேண்டாமா?"

பதினான்கு பேரும் நின்றுவிட்டார்கள். பல் டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். விதியை மறந்து முதலில் பேசியவர் அவர்தான். "யாரு சார் இவரு? என்ன சொல்றாரு?"

முதலாளி முன்னால் வந்தார். அவசரமே காட்டவில்லை. "தெருக்கடைக்காரர். ஆள் மாத்திப் பேசறார். நம்ம போகலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்பது அந்தப் பார்வைக்குப் பொருள். வழக்கம்போல இருந்தால் போதும்.

அத்தான் குனிந்து என் டயரைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் என்ன விரும்புகிறேன் என்று புரிந்தால் அப்படியே செய்துவிடலாம் என்று காத்திருக்கும் முகம். ஆள் மாறிவிட்டது என்று அவரே சொல்லிவிட்டுப் போகவும் தயாராக இருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் பேசாமல் இருப்பது யாரையும் எதுவும் செய்யாது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அந்தத் திருப்பத்தில் நின்றபோது, வாயைத் திறக்காமலேயே ஒரு மனிதரை இல்லை என்று சொல்லிவிட முடியும் என்று தெரிந்தது. மூன்று மாதமாக நான் செய்து வந்த வேலையே அதுதானோ என்றும் தோன்றியது.

"இவர் என் அக்கா வீட்டுக்காரர்" என்றேன். "அவர் சொல்றது சரிதான். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. புதன்கிழமைலேர்ந்துதான் கத்துக்கறேன். ஐம்பது அடி போவேன்."

பதினான்கு பேரும் என் கையிலிருந்த வெள்ளைச் சைக்கிளைப் பார்த்தார்கள். எனக்குப் பழக்கமான மௌனம் அல்ல அது.

"அப்ப நீங்க அந்தக் கறுப்பு வேண்டாம்னு சொன்னது?" என்றார் பல் டாக்டர்.

"நான் ஒண்ணும் சொல்லல."

அவர் தன் சாம்பல் சைக்கிளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நானும் இத வெளிய எடுத்தது இன்னிக்குத்தான். கூடத்துல மாட்டி வச்சிருந்தேன். சின்ன வயசுல ஓட்டினது. நீங்க தள்ளிட்டுப் போனப்ப, அப்பாடான்னு இருந்துச்சு" என்றார்.

"கியர் மாத்தினா செயின் கழண்டுக்குது" என்றார் வக்கீல், யாரையும் பார்க்காமல். "காத்தடிக்கப் புதன்கிழமை வரச் சொன்னாங்க. புதன்கிழமை எனக்குக் கோர்ட்டு."

"கொண்டாங்க, பாப்போம்" என்றார் அத்தான். அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிடத்தில் பதினான்கு சைக்கிள்களும் மைதானத்தில் இருந்தன. வக்கீலின் கேரியர் இல்லாத சைக்கிளை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தபால்காரர் வக்கீலையே பிடித்துக்கொண்டு ஓடினார். அத்தான் பல் டாக்டரிடம், "டாக்டர், உங்க பல்லு எல்லாம் சொந்தப் பல்லா?" என்று முப்பது பேர் கேட்க விசாரித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி மட்டும் திருப்பத்திலேயே நின்றார். நான் வெள்ளைச் சைக்கிளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஓட்டத் தெரியாதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார். "தெரிஞ்சவன் அவ்வளவு நேரம் சும்மா பாத்துட்டு நிக்க மாட்டான். நீங்க தள்ளிட்டுப் போனாலும் பின்னாடியே வருவாங்க. அது எனக்குப் பிரச்சினையே இல்ல. நீங்க பேசிட்டீங்க. அதுதான்." லெட்டரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பல் டாக்டரும் மற்றவர்களும் அடுத்த வாரமே அவர் கடைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பல்லைப் பற்றிய விசாரணையை யாரால் தாங்க முடியும்? நான் நின்ற இடத்தில் இப்போது ஒரு பெரிய மீன் தொட்டி இருக்கிறதாம். அதில் ஒரே ஒரு மீன். வாடிக்கையாளர்களைப் பார்க்கிறதாம். வியாபாரத்தில் குறைவில்லை.

திங்கட்கிழமை மாலை நானும் மனைவியும் டைப்பிஸ்ட் அம்மாவின் வீட்டுக்குப் போனோம். லெட்டர் இல்லை என்று நேரில் சொல்லிவிட வேண்டும் என்றாள் மனைவி. வழியெல்லாம் அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "அத்தான விட்டுக் குடுக்காம இருந்தீங்களே, அது சரி" என்றாள் ஒரு முறை. கொஞ்ச தூரம் நடந்து, "ஆனா அந்தச் செவரு நல்ல செவரு" என்றாள்.

டைப்பிஸ்ட் அம்மா கதவைத் திறந்து, கையை நீட்டினார்.

"லெட்டர் இல்லம்மா. வேலை போயிடுச்சு" என்று நானே சொன்னேன்.

"எப்படிப் போச்சு?"

மனைவி வாயெடுப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். நின்றுகொண்டே ஆரம்பித்தேன், நடுவில் அந்த அம்மா உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். பார்சல் பெட்டி, பல் டாக்டர், எறும்பு, கிடங்கு மைதானம் என்று எல்லாம் வந்தது. எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்திப் பழக்கம் இருந்தால்தானே. வக்கீலைப் பிடித்துக்கொண்டு தபால்காரர் ஓடிய இடத்தில் அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெட்டர் எதுக்குக் கேட்டேன் தெரியுமா?" என்றார் அந்த அம்மா. "அன்னிக்கு இந்தம்மா பேசுது, நீங்க செவத்தத் தட்டிட்டு நிக்கிறீங்க. ஒரு வார்த்தை கெடையாது. யாரு, எப்படிப்பட்ட ஆளுன்னு ஒண்ணும் புரியல. தனியா இருக்கிறவ, யார நம்பறது? அதான், கம்பெனிக்காரனாவது எழுதிக் குடுக்கட்டும்னு. நான் முப்பது வருஷம் அந்த மாதிரி லெட்டர் அடிச்சவ. அதுல எழுதியிருக்கறது எவ்வளவு நெசம்னு எனக்குத் தெரியாதா?"

மனைவி ஆஸ்பத்திரி வேலை நிரந்தரம்தான் என்று மெல்லச் சொன்னாள்.

"அத அன்னிக்கே சொல்லலாம்ல. சாவி அந்த ஆணியில மாட்டியிருக்கு, எடுத்துக்கம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாடிப்படி குறுகல். சைக்கிள் வாங்கினா கீழயே நிறுத்துங்க. ஆமா, எந்தக் கடைல வாங்கப் போறீங்க?"

நான் அதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். அவர்கள் இருவரும் சாவியை எடுத்துக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்து பார்ப்பதற்காக மாடிக்குப் போய்விட்டார்கள்.